சேலத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பாலியல் தொழிலாளிப் பெண்களுக்கு: உடம்பைப் பார்த்துக்கொள்ள ஒரு வழிகாட்டி

சேலத்தில் சிவப்பு விளக்குப் பகுதி என்று தனியாக எதுவும் கிடையாது. தொழில் வீடுகளில் நடக்கிறது, லாட்ஜில் நடக்கிறது, பஸ் ஸ்டாண்டைச் சுற்றி நடக்கிறது, லாரிகள் நிற்கும் பைபாஸ் ஓரத்தில் நடக்கிறது, இப்போது போனிலும் நடக்கிறது. அதனால் ஊருக்குப் புதிதாக வரும் பெண்ணுக்கு எந்த ஆஸ்பத்திரியில் முகம் சுளிக்காமல் பார்ப்பார்கள், காண்டம் இலவசமாக எங்கே கிடைக்கும், ராத்திரியில் ஏதாவது ஆனால் எங்கே ஓடுவது என்று சொல்ல ஆள் இருப்பதில்லை. ஏஜென்டும் லாட்ஜ்காரரும் இதையெல்லாம் சொல்லித் தரமாட்டார்கள். களப்பணியில் இருக்கும் ஒருத்தியாக, எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலிலேயே ஒன்று. உங்களுக்கு 18 வயது ஆகவில்லை என்றால், அல்லது யாரோ உங்களை வற்புறுத்தி, அடைத்து வைத்து இதைச் செய்ய வைக்கிறார்கள் என்றால், மற்றதை அப்புறம் படியுங்கள். 1098 குழந்தைகளுக்கான உதவி எண். 181 பெண்களுக்கானது. அவசரம் என்றால் 112. மூன்றுக்கும் காசு கிடையாது.

முதல் வாரம்: தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும்

1097-க்குப் போன் போடுங்கள். எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் இலவச எண் இது. தமிழில் பேசலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை. "சேலத்தில் இருக்கிறேன், பெண்களுக்கு டி.ஐ. திட்டம் நடத்துகிற அமைப்பு எது, பக்கத்தில் நம்பிக்கை மையம் எங்கே இருக்கிறது" என்று கேளுங்கள். டி.ஐ. என்பது பாலியல் தொழிலில் இருப்பவர்களுக்காகவே தொண்டு நிறுவனங்கள் மூலம் அரசு நடத்தும் திட்டம். நம்பிக்கை மையம் என்பது எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் இடம். தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் 1994-ல் தொடங்கியது, இந்தியாவிலேயே இப்படி அமைந்த முதல் மாநிலச் சங்கம் அதுதான். ஆகையால் தமிழ்நாட்டில் இந்த ஏற்பாடுகளுக்குக் கொஞ்சம் வயதுண்டு, வேரும் உண்டு.

டி.ஐ.யில் சேர்ந்தால் ஒரு பியர் உங்களுக்கு அறிமுகமாவார். அவரும் இதே தொழிலில் இருப்பவர், அல்லது இருந்தவர். காண்டம் கொண்டுவந்து தருவது, ஆஸ்பத்திரிக்குக் கூட வருவது, எந்த லாட்ஜில் பிரச்சினை, எந்த ஆள் அடிப்பான் என்று எச்சரிப்பது எல்லாம் அவர்தான். உங்கள் உடல்நலத்துக்கு இந்த ஊரில் கிடைக்கக்கூடிய பெரிய உதவி டாக்டர்கூட இல்லை, இந்தப் பியர்தான் என்று நான் நினைக்கிறேன். டாக்டரிடம் போவதற்கான தைரியமே பெரும்பாலும் அவரிடமிருந்துதான் வருகிறது.

பெயர் பதிவு பற்றிப் பயப்படுபவர்கள் நிறைய. சொந்தப் பெயரைச் சொல்ல விருப்பமில்லை என்றால் வேறு பெயர் சொல்லுங்கள், ஆனால் ஒவ்வொரு முறையும் அதே பெயரையும் வயதையும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பழைய ரிசல்ட்டைத் தேடி எடுக்க முடியாமல் போகும்.

பெரியாஸ்பத்திரிக்குப் போகும் வழி

சேலத்தில் பெரியாஸ்பத்திரி என்றால் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். ஜங்ஷனிலிருந்தும் புது பஸ் ஸ்டாண்டிலிருந்தும் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு டவுன் பஸ் அடிக்கடி உண்டு. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை.

காலையில் போங்கள். ராத்திரி வேலை பார்த்துவிட்டுக் காலையில் எழுந்து போவது கஷ்டம்தான், ஆனால் ஓ.பி. நேரம் முடிந்த பிறகு போனால் அவசரப் பிரிவில்தான் பார்ப்பார்கள், அங்கே உங்கள் பிரச்சினையைப் பேச நேரம் இருக்காது. உள்ளே போனதும் மூன்று இடங்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். எச்.ஐ.வி. பரிசோதனை செய்வது நம்பிக்கை மையம். பால்வினை நோய்களுக்கு மருந்து தருவது பால்வினை நோய்ப் பிரிவு, இதைச் சுகவாழ்வு மையம் என்றும் சொல்வார்கள். எச்.ஐ.வி. இருப்பவர்களுக்கு மாத்திரை தருவது ஏ.ஆர்.டி. மையம். மூன்றும் இலவசம். கேட்டுப் போகக் கூச்சமாக இருந்தால், "கவுன்சிலரைப் பார்க்கணும்" என்று மட்டும் சொன்னால் போதும்.

மேட்டூர், ஆத்தூர், ஓமலூர் பக்கம் தங்கியிருப்பவர்கள் எல்லாவற்றுக்கும் சேலம் வர வேண்டியதில்லை. அங்குள்ள அரசு மருத்துவமனையிலேயே முதலில் கேளுங்கள். ஆனால் சிலர் வேண்டுமென்றே தங்கும் ஊரில் காட்டாமல் சேலம் வருகிறார்கள், தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுமே என்று. அதுவும் சரிதான். கூட்டம் அதிகமான இடத்தில் யாரும் யாரையும் கவனிப்பதில்லை.

யாரிடம் எதைச் சொல்வது

புதிதாக வருபவர்கள் தடுமாறுவது இங்கேதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஓ.பி. சீட்டுப் போடும் இடத்தில் பெயர், வயது, ஊர், கணவர் அல்லது அப்பா பெயர், போன் நம்பர் கேட்பார்கள். அது எல்லோரிடமும் கேட்கும் கேள்வி. பின்னால் நாற்பது பேர் நிற்பார்கள். அங்கே என்ன நோய், என்ன தொழில் என்று எதையும் விளக்க வேண்டாம். "பொம்பளைங்க சம்பந்தப்பட்ட பிரச்சினை, டாக்டரைப் பார்க்கணும்" என்று சொன்னால் சீட்டு கிடைக்கும். கண் வலிக்கோ பல் வலிக்கோ போகிறீர்கள் என்றால் தொழிலை எங்குமே சொல்ல வேண்டியதில்லை.

பால்வினை நோய்ப் பிரிவு டாக்டரிடமும் கவுன்சிலரிடமும் மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். அவர் நல்லவர் என்பதற்காக இல்லை, மருந்து அதைப் பொறுத்து மாறும் என்பதற்காக. "கல்யாணமாகி ஒரே ஆளோடு இருக்கிறேன்" என்று சொல்லும் பெண்ணை அவர் ஒரு மாதிரி சோதிப்பார். "பல பேரோடு போகிறேன், போன வாரம் காண்டம் இல்லாமல் ஒருத்தர்" என்று சொன்னால் சோதனையே வேறு. வாய்வழி, ஆசனவழி உறவு இருந்தால் அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் தொண்டையிலும் ஆசனவாயிலும் தொற்று தங்கும். நீங்கள் சொல்லாமல் எந்த டாக்டரும் அங்கே பார்க்கமாட்டார். திருநங்கைத் தோழிகளுக்கும் இந்தத் தொழிலில் இருக்கும் ஆண்களுக்கும் இது இன்னும் முக்கியம்.

வாய் வரவில்லை என்றால் இப்படி ஆரம்பியுங்கள்: "டாக்டர், நான் தொழில் பண்றேன். மூணு மாசத்துக்கு ஒரு தடவை செக்கப்புக்கு வரச் சொல்லியிருக்காங்க." அதற்கு மேல் அவரே கேட்டுக்கொள்வார்.

டாக்டர் கட்டாயம் சொல்லும் ஒரு வாக்கியம், "வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாம்மா." கூட இருப்பவருக்கும் சேர்த்து மருந்து கொடுத்தால்தான் நோய் திரும்ப வராது, அதற்காகத்தான். தலையை ஆட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். "அவர் வரமாட்டார் டாக்டர், அவருக்கும் சேர்த்து மருந்து கொடுங்க, நானே கொடுத்துக்கறேன்" என்று கேளுங்கள். கஸ்டமரிடம் காண்டம் போடச் சொல்லும் பெண்கள்கூட, வீட்டில் நிரந்தரமாக இருக்கும் ஆளிடம் கேட்பதில்லை. நான் பார்த்தவரை தொற்று திரும்பத் திரும்ப வருவது அந்தப் பக்கமிருந்துதான்.

கடுமையாகப் பேசும் ஆட்களும் இருப்பார்கள், இல்லை என்று சொன்னால் பொய். "இதெல்லாம் பண்ணிட்டு இங்க வந்து நிக்கிற" என்று ஒருவர் சொன்னால் அழுதுகொண்டே திரும்பி வந்துவிடாதீர்கள். கவுன்சிலரிடம் போய்ச் சொல்லுங்கள், அல்லது அடுத்த முறை பியரோடு போங்கள். கூட ஒரு ஆள் நின்றாலே பேச்சு மாறிவிடும்.

உள்பரிசோதனையும் ரத்தப் பரிசோதனையும்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை செக்கப், ஆறு மாதத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி.யும் சிபிலிஸும். இதுதான் கணக்கு. எதுவும் இல்லாதபோதும் போக வேண்டும். பெண்களுக்குக் கொனோரியா, கிளமிடியா போன்றவை பெரும்பாலும் வலியோ வெள்ளைப்படுதலோ இல்லாமலே உள்ளே இருக்கும். கவனிக்காமல் விட்டால் கர்ப்பக் குழாய் வரைக்கும் ஏறிவிடும்.

உள்பரிசோதனை முதல் முறை பயமாக இருக்கும். மாதவிலக்கு நாளில் போக வேண்டாம். போவதற்கு முன் உள்ளே கழுவ வேண்டாம், கழுவினால் டாக்டருக்குத் தெரிய வேண்டியது தெரியாமல் போகும். சிறுநீர் கழித்துவிட்டுப் படுங்கள். கால்களை மடக்கிப் படுத்ததும் ஸ்பெகுலம் என்ற கருவியை உள்ளே வைப்பார்கள், ஜில்லென்று இருக்கும். அந்த நேரத்தில் மூச்சைப் பிடிக்காமல் வாயால் மெதுவாக வெளியே விட்டால் தசை தளரும், வலி குறையும். வலித்தால் "சிஸ்டர், சின்ன சைஸ் இருக்கா" என்று கேட்கலாம். ஆண் டாக்டர் என்றால் பெண் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று கேட்கவும் உரிமை உண்டு.

மருந்துகள் நிறம் நிறமான பாக்கெட்டில் வரும், ஒவ்வொரு நோய்க்கூட்டத்துக்கும் ஒரு நிறம். பக்கத்து வீட்டு அக்காவுக்கு இந்த நிறம்தான் கொடுத்தார்கள் என்று வாங்கிப் போடாதீர்கள். சிலது ஒரே வேளைதான், அங்கேயே தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொல்வார்கள். சில மாத்திரைகளோடு சாராயம் சேரவே கூடாது, குடித்தால் வாந்தியும் படபடப்பும் வரும். குடிக்கிற பழக்கம் இருந்தால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். மருந்து எடுத்த பிறகு ஒரு வாரம் உறவு வேண்டாம். ஒரு வாரம் வருமானம் இல்லாமல் எப்படி என்று கேட்பீர்கள், நியாயமான கேள்விதான். முடியவே இல்லை என்றால் காண்டம் இல்லாமல் மட்டும் கூடவே கூடாது.

சிபிலிஸுக்குப் பென்சிலின் ஊசி. நன்றாக வலிக்கும், ஆனால் ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் முழுசாகக் குணமாகிவிடும். வலியே இல்லாத ஒரு புண் வந்து, தானாக ஆறிப்போனால் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், சிபிலிஸ் அப்படித்தான் ஏமாற்றும்.

அடிவயிற்றில் வலியும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே போங்கள், மறுநாள் பார்க்கலாம் என்று விட வேண்டாம்.

எச்.ஐ.வி. பரிசோதனையை உங்கள் சம்மதம் இல்லாமல் யாரும் செய்யக் கூடாது. 2017-ல் வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. ரிசல்ட்டை உங்கள் அனுமதியின்றி வெளியில் சொல்லக் கூடாது, எச்.ஐ.வி. இருப்பதால் சிகிச்சை மறுக்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. ரிசல்ட் பொதுவாக அன்றே தெரிந்துவிடும். தொற்றுக்கு வாய்ப்பிருந்த நாளிலிருந்து மூன்று மாதம் வரை பரிசோதனையில் தெரியாமல் போகலாம், ஆகவே ஒருமுறை 'இல்லை' என்று வந்தாலும் மூன்று மாதம் கழித்துத் திரும்பவும் பாருங்கள்.

மஞ்சள் காமாலை பி வகைக்குத் தடுப்பூசி உண்டு. மூன்று ஊசி: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். பால் உறவில் எளிதாகத் தொற்றும் நோய் அது. கவுன்சிலரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

காண்டம்: தெரிந்த விஷயம்தான், இருந்தாலும்

ஜாக்கெட்டுக்குள் வைக்காதீர்கள். உடம்புச் சூட்டில் ரப்பர் கெட்டுப்போகும். சின்ன டப்பாவில் போட்டுப் பையில் வையுங்கள். தேதி பாருங்கள். பல்லால் கடித்துப் பிரிக்காதீர்கள். தேங்காய் எண்ணெய், வாசலின் எதுவும் கூடாது, எண்ணெய் பட்டால் ரப்பர் கிழியும். தண்ணீர் கலந்த ஜெல்தான் சரி, டி.ஐ.யில் கேட்டால் தருவார்கள். இரண்டு காண்டம் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவது பாதுகாப்பு இல்லை, உரசிக் கிழிந்துவிடும்.

காண்டம் வேண்டாம் என்று கூடுதல் பணம் நீட்டும் ஆள் வருவார். அவரோடு அறைக்குள் போன பிறகு பேசத் தொடங்கினால் உங்கள் கை கீழே இருக்கும். போனிலேயே, பணம் பேசும்போதே இதையும் பேசி முடித்துவிடுங்கள். நிறைய குடித்த ஆள் என்றால் வேண்டாம் என்று விட்டுவிடுவதே நல்லது. நீங்களும் குடித்துவிட்டுப் போகாதீர்கள் என்று உபதேசமாகச் சொல்லவில்லை. குடித்த பிறகு காண்டம் கிழிந்ததுகூடத் தெரியாது, அதனால் சொல்கிறேன்.

மாதவிலக்கு நாளில் தொழிலை விட முடியாமல் பஞ்சையோ ஸ்பாஞ்சையோ உள்ளே வைத்துக்கொள்ளும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. பஞ்சு உள்ளேயே தங்கி, நாற்றமும் காய்ச்சலுமாக வந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளே ஏதாவது மாட்டிக்கொண்டது என்று தோன்றினால் கம்பியோ சீப்போ விட்டு எடுக்க முயலாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டாக்டருக்கு ஐந்து நிமிட வேலை. அதே மாதிரி, ஒவ்வொரு கஸ்டமருக்கும் பிறகு டெட்டாலும் சோப்பும் எலுமிச்சைச் சாறும் போட்டு உள்ளே கழுவுவதை நிறுத்துங்கள். தோல் புண்ணாகி நோய் இன்னும் சுலபமாக ஏறும். வெளியே மட்டும் வெறும் தண்ணீரில் கழுவினால் போதும்.

பையில் காண்டம் இருந்தால் போலீஸ் பிடிக்கும் என்ற பயம் இன்னும் இருக்கிறது. 2022 மே 19 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு, காண்டம் வைத்திருப்பதைக் குற்றமாகவோ குற்றத்துக்குச் சாட்சியாகவோ எடுக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. பொது இடத்தில் ஆள் அழைப்பதும் தொழிலுக்கு வீடு நடத்துவதும் சட்டப்படி இன்னமும் குற்றம்தான், அதையும் மறக்க வேண்டாம்.

காண்டம் கிழிந்துவிட்டால்: 72 மணி நேரம்

பதற்றத்தில் உள்ளே சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள். மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்க 28 நாள் மாத்திரை இருக்கிறது, பெப் என்பார்கள். 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், முதல் சில மணி நேரத்துக்குள் என்றால் ரொம்ப நல்லது. பகலில் ஏ.ஆர்.டி. மையம், ராத்திரியில் பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவு. அங்கே "பெப் மாத்திரை வேணும், காண்டம் கிழிஞ்சு இத்தனை மணி நேரம் ஆச்சு" என்று பெயரைச் சொல்லியே கேளுங்கள். பொதுவாக "ஒரு பிரச்சினை" என்று சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். பாதியில் நிறுத்தினால் பலன் இல்லை, 28 நாளும் முடிக்க வேண்டும். இது அடிக்கடி நடக்கிறது என்றால், எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்க முன்கூட்டியே தினமும் போடும் பிரெப் மாத்திரை பற்றிக் கவுன்சிலரிடம் கேளுங்கள்.

கர்ப்பம் தடுக்கும் அவசர மாத்திரையும் 72 மணி நேரத்துக்குள்தான். தமிழ்நாட்டில் மருந்துக் கடைகளில் அது சுலபத்தில் கிடைப்பதில்லை. கடை கடையாக ஏறி இறங்கி நேரத்தை விடாமல் அரசு மருத்துவமனையில் கேளுங்கள். ஐந்து நாளுக்குள் காப்பர்-டி போட்டாலும் கர்ப்பம் தடுக்கும்.

காண்டத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்பது என் கருத்து. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி, காப்பர்-டி இரண்டும் அரசு மருத்துவமனையில் இலவசம், வீட்டில் யாருக்கும் தெரியவும் தெரியாது. ஆனால் இவை எதுவும் நோயைத் தடுக்காது, காண்டம் கூடவே வேண்டும்.

கர்ப்பமாகிவிட்டால் நாள் தள்ளாதீர்கள். 20 வாரம் வரை ஒரு டாக்டரின் ஒப்புதலோடு சட்டப்படி கலைக்கலாம், சில சூழ்நிலைகளில் 24 வாரம் வரை. கல்யாணம் ஆகாதவர் என்பதால் மறுக்க முடியாது. 18 வயது நிரம்பியவருக்குத் தன் சம்மதம் மட்டும் போதும், கணவர் கையெழுத்து சட்டத்தில் கேட்கப்படவில்லை. கையெழுத்துக் கேட்டுத் திருப்பி அனுப்பினால் அங்கேயே நின்று இதைச் சொல்லுங்கள்.

எச்.ஐ.வி. இருக்கிறது என்று வந்தால்

மூன்று வெவ்வேறு முறையில் பார்த்த பிறகுதான் 'இருக்கிறது' என்று சொல்வார்கள். அன்றைக்கு உலகமே நின்றுபோன மாதிரி இருக்கும். மறுநாளே வேறு ஊருக்கு ஓடிப்போன பெண்கள் உண்டு. தயவுசெய்து ஓடாதீர்கள். மாத்திரை இலவசம், யாருக்கு இருந்தாலும் உடனே ஆரம்பித்துவிடுவார்கள், முன்போல ரத்தத்தில் நோய் எதிர்ப்பு அணுக்கள் குறையும்வரை காத்திருக்க வைப்பதில்லை. ஒழுங்காக எடுத்தால் வைரஸ் ரத்தத்தில் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறையும். அப்படிக் குறைந்து, குறைந்தபடியே இருப்பவரிடமிருந்து பால் உறவால் மற்றவருக்குத் தொற்றாது. குழந்தை பெறலாம், குழந்தைக்கு வராமல் தடுக்கவும் மருந்து இருக்கிறது.

ஏற்கெனவே வேறு ஊரில் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்து சேலம் வந்தவர்கள், பழைய மையத்தில் மாற்றல் வாங்கி வந்தால் வேலை சுலபம். வாங்காமல் அவசரமாக வந்துவிட்டால், பழைய அட்டையையோ அதன் போட்டோவையோ காட்டுங்கள். அதுவும் இல்லையென்றால் எந்த ஊர் மையம் என்றாவது சொல்லுங்கள். கையில் ஒரு வாரத்துக்கு மாத்திரை இருக்கும்போதே போய்விட வேண்டும், தீர்ந்த பிறகு அல்ல.

இடுப்புக்கு மேலேயும் உடம்பு இருக்கிறது

1986-ல் இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே சென்னையில், இதே தொழிலில் இருந்த பெண்களின் ரத்தத்தில்தான். டாக்டர்கள் சுனிதி சாலமனும் நிர்மலாவும் செய்த அந்தக் கண்டுபிடிப்பு எத்தனையோ உயிரைக் காப்பாற்றியது. ஆனால் அதன் பிறகு இந்தப் பெண்கள் என்றாலே அந்த ஒரு நோய்தான் என்று ஆகிவிட்டது. சர்க்கரையில் கால் புண்ணாகி வந்த அக்காவிடமும் முதலில் எச்.ஐ.வி. பார்த்தாயா என்றுதான் கேட்கிறார்கள். நாமும் அப்படியே பழகிவிட்டோம்.

முப்பது வயது தாண்டியவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை, மார்பு, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை நான்கையும் செய்துகொள்ளுங்கள். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை நம் பெண்களுக்கு ரொம்பவே முக்கியம், ஏனென்றால் அதற்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ் பால் உறவில் வருவது. எச்.ஐ.வி. இருப்பவர்கள் முப்பதுவரை காத்திருக்கக் கூடாது, 25 வயதிலிருந்தே பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை. காசநோய்க்கு மருந்தும் இலவசம், சாப்பாட்டுக்கு மாதம் 1,000 ரூபாயும் கணக்கில் வரும்.

தூக்கம் இல்லாமை, எதிலும் பிடிப்பு இல்லாமை, கையை அறுத்துக்கொள்ளும் எண்ணம் இதெல்லாம் வந்தால் 14416-க்குப் பேசுங்கள், தமிழில் பேசுவார்கள், எந்த நேரமும். தொழிலைப் பற்றிச் சொல்லாமலே பேசலாம்.

அடித்தால், பலாத்காரம் செய்தால்

தொழில் செய்பவருக்கும் பலாத்காரம் பலாத்காரம்தான். மேலே சொன்ன 2022 உத்தரவில், பாலியல் வன்முறைக்கு ஆளான பாலியல் தொழிலாளிக்கு மற்றப் பெண்களுக்குக் கிடைக்கும் எல்லா உதவியும், உடனடி மருத்துவ உதவி உட்படக் கிடைக்க வேண்டும் என்று இருக்கிறது. அரசு, தனியார் எந்த மருத்துவமனையும் முதலுதவியும் சிகிச்சையும் இலவசமாகத் தர வேண்டும். எஃப்.ஐ.ஆர். போட்டு வா என்று திருப்பி அனுப்பக் கூடாது. ஆஸ்பத்திரியிலிருந்து போலீஸுக்குத் தகவல் போகும், அதையும் தெரிந்துகொண்டே போங்கள்.

குளிக்காமல், வாய் கொப்பளிக்காமல், போட்டிருந்த துணியோடு போவது நல்லது. துணி மாற்றிவிட்டால் பழையதைப் பிளாஸ்டிக் பையில் போடாமல் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போங்கள். பெப் மாத்திரை, கர்ப்பத் தடுப்பு மாத்திரை இரண்டையும் கேட்டு வாங்குங்கள். 181-க்கு அழைத்தால் ஒருங்கிணைந்த சேவை மையத்தோடு இணைப்பார்கள். இலவச வக்கீலுக்கு 15100.

ஏற்காட்டுக்குப் போகும்போது

சனி ஞாயிறில் ஏற்காடு ரிசார்ட்டுகளுக்குப் பெண்களை அழைத்துப் போவது வழக்கமாகிவிட்டது. மலை ஏறிவிட்டால் நிலைமை வேறு. 20 கொண்டை ஊசி வளைவு தாண்டி, ஊரைவிட்டுத் தள்ளி எஸ்டேட்டுக்குள் ஒரு வீடு, போனில் டவர் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஒரு ஆள் என்று சொல்லி அழைத்துப் போய் அங்கே நான்கு பேர் இருப்பதும் நடக்கிறது.

போவதற்கு முன் வண்டி நம்பரையும் ரிசார்ட் பெயரையும் பியருக்கோ தோழிக்கோ அனுப்பிவிடுங்கள். போய்ச் சேர்ந்ததும் இருக்கும் இடத்தையும் போனில் அனுப்புங்கள். வழக்கத்தைவிட அதிகமாகக் காண்டம், ஜெல், ஏ.ஆர்.டி. மாத்திரை எடுப்பவர்கள் இரண்டு நாளுக்குக் கூடுதலாக மாத்திரை, ஆஸ்துமா இருந்தால் பம்ப், ஒரு ஸ்வெட்டர், திரும்பி வரத் தனியாகக் கொஞ்சம் பணம் எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். பணத்தைக் கைப்பையில் வைக்காமல் வேறு இடத்தில் வையுங்கள். ஏற்காடு ஊருக்குள் அரசு மருத்துவமனை இருக்கிறது, 108 மலைக்கும் வரும். ஏதாவது நடந்தால் ராத்திரியில் தனியாக மலை ரோட்டில் இறங்கி நடக்காமல், ஏற்காட்டின் ஒண்டிக்கடைப் பகுதி மாதிரி ஆள் நடமாட்டம் உள்ள இடத்துக்கு வந்து அங்கிருந்து அழையுங்கள். பெப்புக்கு 72 மணி நேரம் இருக்கிறது, ஆகவே அங்கே கிடைக்கவில்லை என்றாலும் காலையில் முதல் பஸ்ஸில் இறங்கிப் பெரியாஸ்பத்திரிக்கு நேராகப் போய்விடலாம்.

கடைசியாக, அட்டைகள்

நம்பிக்கை மையத்துக்கும் சாதாரண ஓ.பி.க்கும் ஆதார் இல்லாமலே போகலாம். ஆனால் ஆபரேஷன் மாதிரிப் பெரிய செலவு வந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை அதில் கிடைக்கும். ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் பதிய வேண்டும், பெரியாஸ்பத்திரியிலிருந்து அதுவும் பக்கம்தான்.

ஆதாரே இல்லாதவர்கள், வீட்டை விட்டு வந்ததால் முகவரிச் சான்று காட்ட முடியாதவர்கள் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் சான்றிதழைக் கொண்டு ஆதார் எடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் வழி செய்து கொடுத்திருக்கிறது. அட்டையில் உங்கள் தொழிலைக் காட்டும் எந்தக் குறியும் இருக்கக் கூடாது என்பதும் அதே உத்தரவில் உண்டு. இதற்கான விண்ணப்பத்தை டி.ஐ. அலுவலகத்தில் கேளுங்கள். உடம்பு நன்றாக இருக்கும்போதே இந்த வேலையை முடித்துவிடுங்கள், ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு ஒரு ஆளை அனுப்பி வாங்குவது பெரும்பாடு.